லாரிக்காரன் அடித்த சல்யூட்

எண்ணூர் ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி டிரைவர், வண்டியை அப்படியே நிறுத்திக் கீழே குதித்து, தனக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்ததாகச் சொன்னார் ஜெயவேல்.

"பின்னால நின்னவன் அத்தினி பேரும் ஆரன் அடிச்சு மரியாதை பண்றான் சொக்கி. கடல்ல நிக்கிற கப்பல்காரன் வேற பதிலுக்கு ஊதுறான்!"

மனைவி சொக்கம்மாள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"கொயாயாண்ட தண்ணி புடிக்கப் போனாலே ரெண்டு தபா வுயுந்து எழுந்த ஆளு, எண்ணூரு போச்சாம். கேட்ல பூட்டு தொங்கிகினு கீதே, அதையும் இடுப்புல கட்டிகினு போனியா?"

நியாயமான கேள்விதான்.

பொங்கலுக்கு முன்னால் வந்த பக்கவாதம் ஜெயவேலின் இடது கையை மட்டும் பறித்துக்கொண்டு போய்விட்டது. தோளிலிருந்து அது வாடகைக்கு வந்தவன் மாதிரி சும்மா தொங்கியது. அதற்குப் பிறகு மகன் அன்பரசன் போட்ட உத்தரவு: அம்மா வேலைக்குப் போகும்போது கம்பி கேட்டை வெளியே பூட்டிவிட்டுப் போக வேண்டும்.

துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டி, மூன்று யானைகளையும் ஒரு ரயில் எஞ்சினையும் ஒரே தூக்கில் கப்பலேற்றியவர் (அவர் கணக்குப்படி), இப்போது எம்.கே.பி. நகரின் தரைத்தளத்து வீட்டில் கட்டிலிலிருந்து கேட்டுக்கும், கேட்டிலிருந்து கட்டிலுக்கும் நடந்தார்.

வெயில்கூட அவர் மேல் கட்டம்போட்ட சட்டையாகத்தான் விழுந்தது.

ஹாண்டிலைப் பிடித்தால் பிரேக்கை அழுத்தக் கை இல்லாத மனிதருக்கு சைக்கிள் எதற்கு, விற்றுவிடலாம் என்றான் அன்பரசன்.

அன்றுதான் ஜெயவேலுக்குச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் அந்தக் காலத்து ஹப் ஞாபகம் வந்தது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் போதும், பின்சக்கரத்தின் வயிற்றுக்குள்ளேயே பிரேக் பிடிக்கும். கையே வேண்டாம்.

அதைத் தானே செய்ய உட்கார்ந்தார். கூடு ஜெர்மன்காரனுடையது. பல்சக்கரம் லூதியானா. உள்ளே விரிந்து பிடிக்கிற கட்டை, செத்துப்போன ஏதோ மொபெட்டுடையது. அதை அரத்தில் ராவி ராவி ஒல்லியாக்கியிருந்தார். பால்ரஸ் குண்டுகளில் பாதி ஆட்டோவிலிருந்து வந்தது, பாதி மாவு மிஷினிலிருந்து. ஸ்பிரிங் மட்டும் எலிப்பொறியுடையது.

எலிப்பொறி தவிர மற்றதெல்லாம் யானைக்கவுனியில் மிளகாய் மண்டிக்கு வேலைக்குப் போகும் சொக்கம்மாள், பழைய இரும்புக் கடைகளில் திட்டிக்கொண்டே பொறுக்கிவந்தவை. ஒன்றுக்கொன்று பொருந்தாது. எல்லாவற்றிலும் மிளகாய் நெடி.

ஜென்மப் பகையாளிகளை ஒரே அறையில் அடைத்ததுபோல அத்தனையையும் அந்தக் கூட்டுக்குள் அடைத்து, ஒற்றைக் கையால் கிரீஸ் பூசி சமாதானம் செய்துவைத்தார். முதலில் சக்கரம் நிற்கவே இல்லை. பிறகு நின்ற சக்கரம் நகரவே இல்லை. கடைசியில் சொன்னபோது நின்றது, விட்டபோது சுற்றியது.

"இன்னிக்கு நீ அந்தாண்ட போன, நான் ஸ்போக்ஸ் கம்பி ஒண்ண வளைச்சேன். கேட்டுக்கு வெளிய கைய வுட்டு பூட்டத் தொட்டேன். தொட்டதுதான் சொக்கி, திண்டுக்கல் பூட்டு வாயப் பொளந்துடுச்சு! வந்தப்புறம் நானே மாட்டி அமுக்கிட்டேன்."

"அப்பறம் விமானத்துல ஏறி எண்ணூர்ல எறங்கின."

ஜெயவேல் காதில் வாங்கவில்லை. இடது கையைத் துண்டால் ஹாண்டில்பாரில் கட்டிக்கொண்டு, கதைக்குள் மறுபடியும் அந்த ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்.

முன்னால் ஒரு கன்டெய்னர். பின்னால் ஒரு கன்டெய்னர். வலப்பக்கம் இன்னொன்று. இடப்பக்கம் ஏதோ கம்பெனியின் மதில். வீட்டிலாவது ஒரு பக்கம்தான் இரும்பு.

திடீரென்று முன்னால் போனவன் நின்றான்.

ஜெயவேல் வலது காலைப் பின்பக்கமாக ஓங்கி மிதித்தார். ஜெர்மனியும் லூதியானாவும் எலிப்பொறியும் ஒரே குரலில் அலறின. முன்சக்கரம் லாரியின் பின்பக்கத்தை முத்தமிட ஒரு விரற்கடை இருக்கும்போது சைக்கிள் நின்றது. பின்னால் வந்த லாரியும் நின்றது.

"அப்பதான் இறங்கி வந்தான் டிரைவர்..."

போன் அடித்தது. ஒரகடத்திலிருந்து அன்பரசன். சொக்கம்மாள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"யம்மா, மத்தியானம் அப்பா எனக்கு போன் போட்டு எண்ணூர் போய்ட்டு வந்தேன்றாரு, லாரிக்காரன் சல்யூட் அடிச்சான்றாரு. எனக்கு பயமா கீதும்மா. புத்தி கலங்கிடுச்சு போல. காயலாங்கடைக்காரன் வந்துகினு கீறான், சைக்கிளத் தூக்கிக் குடுத்துடு. நாளைலருந்து உள்கதவையும் பூட்டிட்டுப் போ."

ஜெயவேல் எழுந்து கேட்டோரம் நகர்ந்தார்.

தெருவில் ஏதோ தட்டுவண்டி வரும் சத்தம் கேட்டது. அவருடைய வலது கை எழுந்து கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

சொக்கம்மாள் கீரைத்தட்டைக் கீழே வைத்தாள்.

"அந்தாள திருப்பி அனுப்பிடு நைனா. உங்கப்பன் புத்தி நல்லாத்தான் கீது. எண்ணூரு போனது நெசம்."

"இன்னாம்மா, நீயுமா?"

"நான்தான் பூட்ட அமுக்காம சும்மா தொங்கவுட்டுட்டு எதுத்தாப்ல டீக்கடையில குந்திகினு இருந்தேன். ஆட்டோ புடிச்சு பின்னாடியே போனேன். பிரேக்கு புடிச்சுதுடா."

ஜெயவேல் மெல்ல அவள் பக்கம் சாய்ந்தார்.

"சல்யூட்டச் சொல்லு சொக்கி."

அவள் அவரைப் பார்க்கவில்லை.

"அத மட்டும் என்னைக் கேக்காத. அந்நேரம் நான் கண்ண இறுக்கி மூடிக்கினு இருந்தேன்."