மேசைக்கு அடியில் ஒரு மெக்கானிக்

"ரூம்ல உங்களைத் தவிர வேற யாரும் இல்லையே?"

லேப்டாப் திரையிலிருந்த வெளிநாட்டு அதிகாரி அவருடைய மொழியில் கேட்டார். "யாருமில்ல சார்" என்று அதே மொழியில் கூசாமல் புளுகினாள் மகள். மேசைக்கு அடியில், தொங்கவிட்ட போர்வைக்குப் பின்னால், அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மகளுக்கு இன்ஜினியரிங் கடைசி வருஷம். இந்த வெளிநாட்டு பம்ப் கம்பெனி இன்டர்வியூவுக்காகவே எட்டு மாதமாகக் கல்லூரி விட்டதும் அந்த மொழி வகுப்புக்கு ஓடினாள். பம்ப் மெக்கானிக்கான அப்பா, கேள்விகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து தினமும் அவளிடம் கேட்டுக் கேட்டு, பாதி மொழியைத் தானே கற்றுக்கொண்டுவிட்டார்.

"நான் பக்கத்துல இருந்தாதான் உனக்குத் தைரியம். சத்தியமா வாயைத் திறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அடியில் புகுந்திருந்தார்.

அதிகாரி சரியான சிடுமூஞ்சி. மகள் ஒவ்வொரு பதில் சொன்னதும் அவருடைய பேனா கீழே விழும். குனிவார், தேடுவார், நிமிர்ந்து "சரி" என்பார். பாவம், கை நடுக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"கடைசிக் கேள்வி. பம்ப் ஓடுது, தண்ணி வரல. முதல்ல எதைப் பார்ப்பீங்க? இதைச் சொன்னாதான் வேலை."

மகள் அழுத்தம், வேகம், இரண்டு சூத்திரம் எல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். பேனா விழுந்தது. நிமிர்ந்த அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

"தப்பு."

எட்டு மாத உழைப்பு! அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. பதறி எழுந்ததில் தலை மேசையில் 'ணங்'கென்று இடித்தது.

"ஐயோ பாப்பா, குழாய் அடியில இருக்கிற ஃபுட் வால்வைப் பாரும்மா! குப்பை அடைச்சிருக்கும்!" என்று தமிழில் கத்தியேவிட்டார்.

"போச்சு! எல்லாத்தையும் கெடுத்துட்டியேப்பா!" மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

திரையில் அதிகாரி திடுக்கிட்டுப் பார்த்தார். இந்த முறை பேனா விழவில்லை. ஆனாலும் குனிந்தார்.

அந்தப் பக்கமும் ஒரு 'ணங்' கேட்டது. தொடர்ந்து, தலையைத் தேய்த்துக்கொண்டு பேசுவதுபோல் ஒரு தமிழ்க் குரல்:

"பதில் கரெக்ட்டுண்ணே! நான் இந்தக் கம்பெனி ஃபிட்டர். பொண்ணுக்கு வேலை உண்டுன்னு சார் சொல்லச் சொல்றாரு... தயவுபண்ணி வெளிய சொல்லிடாதீங்க, நானும் இங்க டேபிளுக்கு அடியிலதான் இருக்கேன்!"