ஆறாத புண்

முதலாளிக்குக் காவலாக இருந்த இருபது வருடமும் ராக்கப்பனின் சின்ன ரிவால்வருக்கு உறை கிடையாது. அரைஞாண் கயிற்றில் செருகி, மேலே வேட்டியை இறுக்கி, சட்டையை இறக்கிவிடுவார். இரும்பு சூடேறி உடம்போடு உடம்பாகிவிடும். அவருக்கே மறந்துபோகும்; கைக்கு மறக்காது. ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்ட நாலு வயது மகள் பூங்கோதையை ஒருநாள் அந்தக் கை தள்ளிவிட்டது. நிலைப்படியில் மோதி அவள் நெற்றி கிழிந்தது. “அப்பாவுக்கு இடுப்புல புண்ணு இருக்கு, தொடாத” என்றாள் மனைவி. பூங்கோதை பிறகு தொடவேயில்லை.

முதலாளி இறந்த அன்றே ராக்கப்பன் ரிவால்வரை முதலாளியின் மகனிடம் கொடுத்துவிட்டார். அதற்கும் ஒன்பது வருடமாகிறது. இன்று பூங்கோதையின் மகள் ஓடிவந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கை தள்ளிவிட்டது. தரையில் உட்கார்ந்து விழித்த குழந்தையைப் பூங்கோதை நிதானமாக வந்து தூக்கினாள். அதன் நெற்றியைத் தடவிப் பார்த்தாள்.

“தாத்தாவுக்கு இடுப்புல புண்ணு இருக்கு கண்ணு. தொடாத.”

ராக்கப்பன் அவசரமாகச் சட்டையைத் தூக்கிக் காட்டினார். கறுப்புக் கயிறு மட்டும்தான் இருந்தது. பூங்கோதை திரும்பி நடந்துகொண்டிருந்தாள். அவள் தோளுக்கு மேலிருந்து குழந்தை மட்டும் அவர் இடுப்பையே பார்த்துக்கொண்டு போனது.