நாக்கில் ஒரு சொட்டு

"பச்சப் புள்ள வாயில காப்பிய ஊத்தினியாடா?" சபிரின் தன் தங்கை புருஷனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். பிளாஸ்க் தெறித்து, ஆஸ்பத்திரித் தாழ்வாரமெல்லாம் கறுப்புக் காப்பி ஓடியது.

"அல்லா சத்தியமா இல்ல மச்சான். அது நான் குடிக்க வச்சிருந்தது."

பெண் பிறந்த அன்றிலிருந்து ஊரில் அவனுக்கு அமான் இபாக் என்று பெயர், அதாவது பெண்ணைப் பெற்றவன். ஏழு வாரம் முந்திப் பிறந்த குழந்தை; மூச்சு விடவே மறந்து மறந்து நீலம் பாரித்தது. டாக்டர் ஹஸ்னிதா தினமும் காலையில் ஒரு மருந்து கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் மூச்சு நிலைத்தது. இப்போது என்னவென்றால் நெஞ்சு படபடக்கிறது, தூக்கமே இல்லை.

"வலிப்பு வராதுன்னு பொறந்த புள்ள நாக்குல காப்பி வைக்கிற மலைக்காட்டுக் கூட்டம்தானே நீங்க! உனக்குப் பொண்ணக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

சபிரினுக்குத் தாக்கெங்கோன் டவுனில் ஒரு ஆபீசில் முத்திரை குத்தும் வேலை. அதற்கே இந்தத் திமிர்.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் ஒரு தாளோடு வந்தாள். நாலு நாள் முன்பு டாக்டர் குழந்தையின் ரத்தத்தை எடுத்து பண்டா ஆச்சேவுக்குச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். அவள் வாயைத் திறக்குமுன் சபிரின் தாளைப் பிடுங்கினான்.

"கஃபீன்! காப்பிச் சத்து ரத்தத்துலயே இருக்கு. இப்ப என்னடா சொல்ற? தங்கச்சியையும் புள்ளையையும் நான் கூட்டிட்டுப் போறேன். என் வாசல் பக்கம் வந்தே, கால ஒடிச்சிருவேன்."

அமான் இபாக் தன் விரல்களைப் பார்த்தான். காப்பி பறித்து, வறுத்து, நகக்கண்ணெல்லாம் கறுத்த விரல்கள். நேற்றுதான் குழந்தை அதில் ஒன்றைப் பிடித்துச் சப்பியது.

"என் கைதான் மச்சான்... எத்தன சோப்பு போட்டும் போகல. இனிமே தொடமாட்டேன். பக்கத்துலயே வரமாட்டேன். புள்ள பொழச்சாப் போதும்."

பாவம், கண்ணைத் துடைக்கக்கூட அந்தக் கையைத் தூக்காமல் படியிறங்கினான்.

"பாத்தீங்களா, ஒத்துக்கிட்டான்!" என்று சபிரின் தாழ்வாரமே அதிரக் கத்தினான்.

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். "கொஞ்சம்தான் கூட இருக்கு, நாளையிலேர்ந்து குறைச்சுக்கலாம்" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, சபிரினை ஒதுக்கிக்கொண்டு படிக்கு ஓடினார்.

"அமான் இபாக், நில்லுங்க! அந்தக் காப்பிச் சத்துதான் நான் குடுக்கிற மருந்து!"