பதினெட்டாவது நிரை

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் இப்போது மாலை வெயில் சரிந்து கிடக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தத் தேயிலைத் தோட்டத்துக்குச் சின்னத்துரையாக வந்த வெள்ளைக்காரர், பப்பாசிப் பழம்போல நீண்ட தன் ஊர்ப் பந்தை அக்குளில் இடுக்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்தோடு மேட்ச். அவர் ஊர் ஆட்டத்தில் ஓர் அணிக்குப் பதினெட்டுப் பேர் வேண்டும். பதினேழு பேரைப் பொறுக்கிவிட்ட செல்லசாமிக் கங்காணி, கொழுந்து பறிக்கப் பிரிப்பதுபோலவே ஆளுக்கொரு நிரை பிரித்து நிறுத்தியிருக்கிறார். தேயிலை மலையில் அடுத்தவர் நிரையில் யாரும் கைவைப்பதில்லை. மிச்சமிருக்கும் ஒரே இடத்துக்காக மூன்று நாளாய்க் கெஞ்சிய அழகுமுத்து கடைசி நிரையில் நிற்கிறான். “என் பேரையும் எழுதிருங்க, கங்காணியாரே.” “மொதல்ல ஆடு, பாப்போம்.” துரை உதைக்கிறார். பந்து நடு நிரையில் நிற்கும் கந்தப்பனின் கையில் பட்டு நழுவி, அவன் காலடியிலேயே உருள்கிறது. அவன் குனிந்து துழாவுகிறான். மற்றவர்கள் அவரவர் நிரையில் நின்று மரியாதையாகப் பார்க்கிறார்கள். அழகுமுத்து மட்டும் ஆறு நிரை தாண்டி ஓடிவந்து, பந்தை அள்ளி, கோலுக்காக நட்ட இரண்டு மூங்கிலுக்கு நடுவே உதைத்தனுப்புகிறான். துரை தொப்பியைக் கழற்றி வீசிக் கைதட்டுகிறார். கங்காணி காதில் செருகியிருந்த பென்சிலை எடுக்கிறார். “கந்தப்பன் நிரையில ஒனக்கு என்னடா வேல? பேரு இல்ல, போ.” துரை இன்னும் கைதட்டிக்கொண்டிருக்கிறார்.