மூன்றாவது கவுன்ட்டர்

"ஐயா, சொன்னாக் கேளுங்க. இன்னைக்கு உங்களுக்கு டிக்கெட் கிடையாது. பணத்தை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

குதிரைப் பந்தய மைதானத்தின் மூன்றாவது கவுன்ட்டரில் உட்கார்ந்து டிக்கெட் விற்கிறவள் இப்படிப் பேசினால், அது சொந்த வேலைக்கே உலை வைக்கும் பேச்சு. அதுவும் இன்றைக்கு.

பந்தயப் பணத்தின் மேல் வரியை ஏற்றியதிலிருந்து கூட்டம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிட்டது. பாதிப் பேர் வரியில்லாத கள்ளப் பந்தயத்துக்குப் போய்விட்டார்கள். ஐந்து கவுன்ட்டரில் இரண்டை மூடியாயிற்று. இன்னும் இரண்டு மாதம் பார்த்து, குறைவாக டிக்கெட் விற்கும் கவுன்ட்டரையும் மூடிவிடுவேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்தக் கெடு இன்றோடு முடிகிறது. இவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

வீட்டில் சொல்லி அழுதபோது அம்மா அசையவில்லை. பந்தயத்தில் கடையையே தோற்ற புருஷனோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் அவள். குதிரைப் படம் போட்ட காலண்டரைக்கூட வீட்டில் மாட்ட விடமாட்டாள். போனால் போகட்டும், பீடை விட்டது என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

எதிரே நிற்கும் தையல்காரர் ஒன்றரை மாதமாகத்தான் வருகிறார். கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பைக் கழற்றக்கூட நேரமில்லாத அவசரம். எப்போதும் ஐந்தாம் நம்பர் குதிரைதான். ஒரு தடவை நான்கே குதிரைகள் ஓடியபோதும் ஐந்தாம் நம்பரைத்தான் கேட்டார். இருநூறை நீட்டி, பத்துப் பத்து ரூபாயாக இருபது டிக்கெட் வாங்குவார். ஒரே டிக்கெட்டாகத் தரட்டுமா என்றால் வேண்டாம் என்பார். பந்தயத்தைப் பார்க்க நிற்பதும் இல்லை. மனுஷருக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று இவள் முடிவு கட்டிவிட்டாள். அப்பாவும் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்தார்.

"நூறு கொடுத்தா இருபத்தெட்டு வரிக்கே போகுது. மிச்சம்தான் குதிரை மேல ஏறுது. தப்பித்தவறி ஜெயிச்சாலும் அதுலயும் வரி பிடிப்பாங்க. யானை வாயில போன கரும்பு திரும்புமா ஐயா?"

அவர் கெஞ்சினார். இன்று ஒரு நாள் மட்டும் கொடு, அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன் என்றார். அப்பாவும் ஒவ்வொரு வாரமும் இதையேதான் சொன்னார். இவள் பணத்தைத் திருப்பித் தள்ளினாள். இருபது டிக்கெட் குறைந்தால் தன் கவுன்ட்டர்தான் போகும் என்று தெரியும். தெரிந்தேதான் தள்ளினாள். பக்கத்துக் கவுன்ட்டர் காலியாகத்தான் இருந்தது. அவர் அங்கேயும் போகாமல் நின்றார்.

"இப்போ நீங்க கிளம்பலைன்னா, விலாசம் விசாரிச்சு உங்க வீட்டம்மாகிட்டயே வந்து சொல்லிடுவேன்."

"என் வீட்ல தாராளமாச் சொல்லும்மா" என்றார் தையல்காரர், குரலைத் தாழ்த்தி. "உங்க அம்மாகிட்ட மட்டும் என்னைக் காட்டிக் கொடுத்துடாதே. எனக்குக் குதிரையும் தெரியாது, ரேசும் தெரியாது. எண்ணிக்கை ஏறணும், இருபது டிக்கெட்டா வாங்குங்கன்னு, நீ கொண்டுபோய்க் கொடுக்கிற சம்பளத்துலேருந்து வாராவாரம் எடுத்துக் கொடுக்கிறதே அவங்கதான்."