நின்ற ஆட்டின் மணி

புல்லெல்லாம் கருகிப்போன ஒரு கோடையில், கழுத்தில் மணி கட்டிய வெள்ளாடு ஒன்று வயலோரம் வேலியாக நின்ற காட்டாமணக்குச் செடியிடம் கேட்டது.

"இந்த வெயில்லயும் பச்சையா இருக்கியே, உன்னை ஏன் யாரும் கடிக்கிறதில்ல?"

"கடிக்க மாட்டீங்கன்னுதான் என்னை வேலிக்கு நட்டிருக்காங்க" என்றது செடி.

"அப்படி என்னதான் இருக்கு உன்கிட்ட?"

ஆடு ஒரே ஓர் இலையைக் கடித்துப் பார்த்தது. கசந்தது; வேறொன்றும் ஆகவில்லை. மறுநாள் இரண்டு இலை. பத்தாம் நாள் கசப்பே தெரியவில்லை.

மழை பெய்து புல் முளைத்தது. மந்தை மொத்தமும் புல்லுக்கு ஓட, அந்த ஆடு மட்டும் வேலிக்கு நடந்தது.

"புல்லு அந்தப் பக்கம்ல இருக்கு?" என்றது மணி.

"தெரியும். இன்னிக்கு மட்டும்தான். நினைச்சா நாளைக்கே விட்டுடுவேன்."

ஆடு வேலியருகே வந்து நின்றது. மணி மறுபடி கேட்டது.

"எனக்கு ஒண்ணு புரியல. நீ நடந்தாத்தான் நான் அடிப்பேன். இப்ப நீ சும்மாதானே நிக்கிற? நான் ஏன் விடாம அடிச்சிக்கிட்டே இருக்கேன்?"

"காத்து பலமா இருக்குல்ல, அதான்" என்றது ஆடு.

மணி வேலியைப் பார்த்தது. அதில் ஓர் இலைகூட அசையவில்லை.