இருமக் கூடாது என்ற தையல்

செண்பகவல்லிக்கு வயிற்றில் ஆபரேஷன் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. வயிற்றுத் தையல் மேலே பார்த்து மறுபடியும் அதட்டியது.

"இருமாதே நுரையீரலக்கா! நீ இருமினா நான் பிஞ்சிடுவேன்."

நுரையீரலும் பாவம், வந்த இருமலையெல்லாம் அடக்கிக்கொண்டது. சளி தேங்கியது. தேங்கிய சளியில் கிருமிகள் குடியேறின.

மறுநாள், காயத்தை ஆற்றிக்கொண்டிருந்த வெள்ளையணுக்கள் கும்பலாக மேலே கிளம்பின.

"எங்கப்பா போறீங்க? பாதி வேலை அப்படியே கிடக்கு!" என்று தையல் பதறியது.

"நெஞ்சுல கிருமி புகுந்துடுச்சு. மூச்சே நின்னுட்டா உன் காயம் ஆறி யாருக்கு லாபம்?" என்று சொல்லிக்கொண்டே ஓடியது கடைசி அணு.

கவனிக்க ஆளில்லாத காயம் ஓரத்தில் கசியத் தொடங்கியது. இரண்டு பக்கமும் சதை விலக, நடுவில் தையல் மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நடுங்கியது.

"அக்கா, அவங்க எப்போ திரும்புவாங்க?"

"சளி வெளியே போகணும். அதுக்கு நான் இருமணும். நீதான் வேண்டாங்கிறியே."

அந்நேரம் நர்ஸம்மா, இருமும்போது காயம் பிரியாமலிருக்க, ஒரு தலையணையை செண்பகவல்லியின் வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார். தையல் ஒவ்வொரு முடிச்சாக இறுக்கிக்கொண்டது.

"இருமுக்கா," என்றது. "நல்லா இருமு."